777 போட்டும் திறக்கவில்லை

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிவைத்தார். வேப்பம்பட்டில் திருவள்ளூர் பக்கம் ரயில் ஏறினால் செவ்வாப்பேட்டை ரோடு, அதற்கடுத்து புட்லூர். அதன் பக்கத்தில்தான் காக்களூர். மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டமும் அதே நாளில் தொடங்கியதால் பேச்செல்லாம் அவற்றைப் பற்றியே இருந்தது. அந்த மடிக்கணினிகளுக்குள் இருந்த ஒரு விஷயத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. விண்டோஸோடு கூடவே 'பாஸ்' என்கிற லினக்ஸும் அவற்றில் இருந்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கி, 2007இல் முதன்முதலாக வெளியிட்டது.

கணினியே பார்த்திராத வீடுகளுக்கு, ஆய்வுக்கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் வளர்ந்த ஒரு இயங்குதளத்தின் வாரிசு இப்படி வந்து சேர்ந்தது. பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸிலேயே இருந்துவிட்டார்கள். ஆர்வத்தில் பாஸ் பக்கம் போனவர்கள் விண்டோஸில் அவ்வளவாகப் பார்த்திராத ஒரு வரியைச் சீக்கிரமே சந்தித்தார்கள்: 'பர்மிஷன் டினைட்'. அனுமதி இல்லை.

இன்று திருநின்றவூர், வேப்பம்பட்டு, பெருமாள்பட்டு சுற்றுவட்டாரத்தில் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் பலர் உபுண்டு என்ற லினக்ஸில் வேலை செய்கிறார்கள். அவர்களும் அதே வரியைச் சந்திக்கிறார்கள். அதற்கு சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மருந்து ஒன்று உண்டு: "சூடோ சிஹெச்மோட் 777 போடு, சரியாயிடும்." சிஹெச்மோட் என்பது அனுமதியை மாற்றும் கட்டளை; முன்னால் சூடோ போட்டால் அது ரூட் என்கிற நிர்வாகப் பயனரின் அதிகாரத்தோடு ஓடும். சில நேரம் சரியாகவும் ஆகிவிடுகிறது, அந்த மருந்து நிலைத்துப்போனதற்குக் காரணமே அதுதான். என் கருத்து வேறு. அனுமதி இல்லை என்று லினக்ஸ் சொல்வது துல்லியமான ஒரு தகவல். யார் கேட்டார், எதைக் கேட்டார், வழியில் எந்த இடத்தில் தடைபட்டது என்று மூன்றையும் அதிலிருந்து பிடித்துவிடலாம். பிடித்தபின் மாற்றவேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு பிட்டாகத்தான் இருக்கும்.

டெர்மினலில் 'எல்எஸ் -எல்' என்று அடித்தால் கோப்புக்கு ஒரு வரியாக விவரம் வரும். வரியின் தொடக்கத்தில் பத்து இடங்கள். முதல் இடம் வகையைச் சொல்லும்: சாதாரணக் கோப்புக்கு ஒரு சிறுகோடு, ஃபோல்டருக்கு 'டி'. மீதி ஒன்பது இடங்களையும் மும்மூன்றாகப் பிரித்துப் படிக்கவேண்டும். முதல் மூன்று உரிமையாளருக்கு, அடுத்த மூன்று குழுவுக்கு, கடைசி மூன்று மற்ற எல்லோருக்கும். ஒவ்வொரு மூன்றிலும் வரிசை மாறாது: படிக்க 'ஆர்', எழுத 'டபிள்யூ', இயக்க 'எக்ஸ்'. இல்லாத அனுமதியின் இடத்தில் சிறுகோடு இருக்கும். ஆருக்கு 4, டபிள்யூவுக்கு 2, எக்ஸுக்கு 1 என்று மதிப்பு கொடுத்துக் கூட்டினால் ஒவ்வொரு மூன்றும் ஓர் இலக்கமாகிவிடும். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்ற இரு தரப்பும் படிக்க மட்டும் செய்யலாம். 755 என்றால் உரிமையாளருக்கு மூன்றும் உண்டு. மற்றவர்கள் படிக்கலாம், இயக்கலாம், எழுதமுடியாது. 777 என்றால் எல்லோருக்கும் எல்லாமும்.

0 முதல் 7 வரை மட்டும் எண்ணும் இந்த எண்முறைக்குப் பின்னால் பழைய இயந்திரம் ஒன்று இருக்கிறது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸைத் தொடங்கியது பிடிபி-7 என்ற கணினியில். அது தகவலை 18 பிட் கொண்ட துண்டுகளாகக் கையாண்டது. 18 பிட்டை மும்மூன்றாகப் பிரித்தால் ஆறு இலக்கம், மிச்சமில்லாமல். அங்கே வேலை செய்தவர்களுக்கு அப்படி எண்ணுவது கைவந்த பழக்கம். 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே சிஹெச்மோட் கட்டளை இருக்கிறது. ஆனால் அதில் உரிமையாளர், மற்றவர் என்று இரண்டே தரப்புகள். குழு என்ற மூன்றாவது தரப்பு அதற்குப் பிறகு சில பதிப்புகள் கழித்துச் சேர்ந்தது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து வேலை செய்தபோது, நெருங்கிய சகாக்களுக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு ஒரு விதி தேவைப்பட்டது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டார்.

ஓர் இடத்துக்கு ஒரு பிட் என்ற கணக்கில் வரும் இந்த ஒன்பது பிட்டும் கோப்பின் உள்ளே எழுதப்பட்டிருப்பதில்லை. கோப்பின் பெயரோடும் இருப்பதில்லை. வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோட்' என்று ஒரு சிறு பதிவு உண்டு. உரிமையாளரின் எண், குழுவின் எண், அளவு, நேரம், உள்ளடக்கம் வட்டில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு எல்லாம் அதில்தான். அனுமதிக்கும் அதிலேயே இடம். மொத்தம் பன்னிரண்டு பிட். ஒன்பதைப் பார்த்தாயிற்று, மீதி மூன்றில் இரண்டுக்குப் பின்னால் வருகிறேன். கோப்பின் பெயர் மட்டும் ஐநோட்டில் இல்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நிறையக் குழப்பம் தீர்வது அந்த இடத்தில்தான்.

ஒரு நிரல் கோப்பைத் திறக்கக் கேட்கும்போது இயங்குதளத்தின் மையமான கெர்னல் செய்யும் சோதனை எளிமையானது. கேட்கிற நிரல் யார் பெயரில் ஓடுகிறது என்று முதலில் பார்க்கிறது. அவர்தான் உரிமையாளர் என்றால் முதல் மூன்று பிட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடும்; அடுத்த ஆறையும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. உரிமையாளர் இல்லை, ஆனால் குழுவில் இருக்கிறார் என்றால் நடு மூன்று. இரண்டும் இல்லை என்றால்தான் கடைசி மூன்று. மூன்றையும் சேர்த்துப் பார்த்து எது தாராளமோ அதைக் கொடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஒரு கோப்புக்கு 077 என்று வைத்துப் பாருங்கள்: ஊரே படிக்கலாம், உரிமையாளரால் மட்டும் படிக்கமுடியாது. (அவர் நினைத்தால் பர்மிஷனை மாற்றிக்கொள்ளலாம், அந்த அதிகாரம் உரிமையாளருக்கும் ரூட்டுக்கும் எப்போதும் உண்டு.) இந்த விதியால் ஒரு பயனும் இருக்கிறது. 604 என்று வைத்தால் அந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும் தடை, மற்ற எல்லோருக்கும் திறப்பு.

இந்தச் சோதனை திறக்கும் நேரத்தில் மட்டும்தான் நடக்கிறது. ஒரு நிரல் கோப்பைத் திறந்து கையில் வைத்திருக்கும்போது நீங்கள் பர்மிஷனை 000 ஆக்கினாலும் அது தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்கும். மாற்றம் அடுத்த முறை திறக்கும்போதுதான் செல்லுபடியாகும்.

ஃபோல்டருக்கு வருவோம். அதிகம் தடுமாற வைப்பது இதுதான். இதில் கொஞ்சம் நிதானிக்கலாம். லினக்ஸைப் பொறுத்தவரை ஃபோல்டர் என்பது ஓர் அட்டவணை. இந்தப் பெயருக்கு இந்த ஐநோட் எண் என்று வரிவரியாக எழுதிவைத்த அட்டவணை. கோப்புகளின் பெயர்கள் வாழ்வது அதில். அட்டவணையைப் படித்துப் பெயர்களைத் தெரிந்துகொள்ள ஆர் வேண்டும். புதுப் பெயர் சேர்க்க, இருப்பதை அடிக்க, மாற்ற டபிள்யூ வேண்டும். ஒரு பெயரைச் சொல்லி அதன் வழியாக அந்த ஐநோட்டை அடைய எக்ஸ் வேண்டும். ஃபோல்டரை 'இயக்குவது' என்று ஒன்று கிடையாது. அங்கே எக்ஸ் என்றால் கடந்துபோகும் உரிமை.

ஒரு ஃபோல்டருக்கு ஆர் மட்டும் கொடுத்து எக்ஸை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பெயர்கள் தெரியும். 'எல்எஸ் -எல்' அடித்தால் பெயருக்குப் பக்கத்தில் அளவு, தேதி, உரிமையாளர் எதுவும் வராமல் கேள்விக்குறிகளாக நிற்கும். எந்தக் கோப்பையும் திறக்கமுடியாது. மறுபக்கம், எக்ஸ் மட்டும் கொடுத்து ஆரை எடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்கமுடியாது. சரியான பெயர் தெரிந்தவர் மட்டும் அதைக் கேட்டுத் திறக்கலாம்.

நீக்குவதற்கும் இதே கணக்கு. ஒரு கோப்பை நீக்குவது என்றால் ஃபோல்டரின் அட்டவணையிலிருந்து ஒரு பெயரை அடிப்பது. அதற்குத் தேவை ஃபோல்டரின் மீது டபிள்யூவும் எக்ஸும். கோப்பின் மீது எந்த அனுமதியும் தேவையில்லை. உங்கள் ஃபோல்டரில் ரூட் உருவாக்கிய கோப்பு ஒன்று இருக்கிறது, அதற்கு 600. உங்களால் அதில் ஓர் எழுத்தைக்கூடப் படிக்கமுடியாது. ஆனால் நீக்கமுடியும். 'ஆர்எம்' கட்டளை ஒருமுறை கேட்டுக்கொள்ளும், சரி என்றால் அடித்துவிடும். கோப்பை 444 ஆக்கிவிட்டால் யாரும் அழிக்கமுடியாது என்று நம்பி, ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்துவைத்து, புராஜெக்ட்டையே இழந்தவர்கள் உண்டு. தற்காலிகக் கோப்புகளுக்கான '/டிஎம்பி' ஃபோல்டரில் எல்லோரும் எழுதவேண்டும், ஆனால் ஒருவர் கோப்பை இன்னொருவர் அழிக்கக்கூடாது. அதற்கென்று வைத்த பிட் ஒன்று இருக்கிறது, 'ஸ்டிக்கி பிட்' என்று பெயர். அந்த ஃபோல்டரின் எண் 1777 என்று இருப்பது அதனால்தான். முன்னால் நிற்கும் 1 அந்தப் பிட்டைக் குறிக்கிறது.

இனி, 777 தோற்றுப்போன ஒரு சம்பவம். எங்கள் தெருவில் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிற பெண் ஒருத்தி, ஹாஸ்டல் குறைகளைப் பதிவு செய்யும் இணையப் பக்கம் ஒன்றைப் புராஜெக்ட்டாகச் செய்துகொண்டிருந்தாள். லேப்டாப்பில் உபுண்டு, அதில் அப்பாச்சி வெப் சர்வர். கோப்புகளையெல்லாம் தன் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வைத்து, சர்வரை அங்கே காட்டியிருந்தாள். பிரவுசரில் திறந்தால் '403 ஃபர்பிடன்'.

"அண்ணா, 777 போட்டும் வரல" என்றாள். புராஜெக்ட் ஃபோல்டருக்கும் அதற்குள் இருந்த எல்லாவற்றுக்கும் போட்டிருந்தாள். பச்சைப் பின்னணியில் ஃபோல்டர் பெயர்கள் தெரிந்தன. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஃபோல்டரை உபுண்டு அந்த நிறத்தில்தான் காட்டும்.

"நேம்ஐ -எல் போட்டு, அந்த இண்டெக்ஸ் பக்கத்தோட முழுப் பாதையையும் கொடும்மா" என்றேன்.

'நேம்ஐ' பலருக்கும் தெரியாத, எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டிய கட்டளை. ஒரு பாதையைக் கொடுத்தால் அதில் வரும் ஒவ்வொரு படியையும் தனித்தனி வரியில், பர்மிஷன், உரிமையாளர், குழு சகிதம் காட்டும். திரையில் வரிகள் வந்தன. உச்சியிலுள்ள மூலம் 755, ரூட்டுக்குச் சொந்தம். அடுத்து '/ஹோம்', அதுவும் 755. மூன்றாவது, அவள் பெயரிலுள்ள ஃபோல்டர்: 750. அதற்கு அடுத்ததிலிருந்து எல்லாம் 777.

சிக்கல் மூன்றாவது வரியில் இருந்தது. வெப் சர்வர் அவள் பெயரில் ஓடுவதில்லை. உபுண்டுவில் அது 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற தனிப் பயனராக ஓடுகிறது. அந்தப் பயனர் அவளுமில்லை, அவள் குழுவிலும் இல்லை. ஆகவே கெர்னல் கடைசி மூன்று பிட்டைப் பார்க்கிறது: 750இல் அது பூஜ்யம். எக்ஸ் இல்லை, கடக்கமுடியாது. அதற்குக் கீழே எவ்வளவு திறந்து வைத்திருந்தாலும் சர்வர் அங்கே போய்ச் சேரப்போவதில்லை. பழைய உபுண்டுவில் ஹோம் ஃபோல்டர் 755ஆகத்தான் உருவாகும். 2021 ஏப்ரலில் வந்த 21.04 பதிப்பிலிருந்து 750 ஆக்கிவிட்டார்கள். நல்ல மாற்றம்தான். ஒரே கணினியில் கணக்கு வைத்திருக்கும் இன்னொருவர் உங்கள் ஹோம் ஃபோல்டரில் உலாவ எந்த அவசியமும் இல்லை. ஆனால் அதற்கு முன் எழுதப்பட்ட செய்முறைக் குறிப்புகளைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு இந்த 403 காத்திருக்கிறது.

தீர்வுகள் பல. ஹோம் ஃபோல்டரை 711 ஆக்கலாம். மற்றவர்கள் பட்டியல் எடுக்கமுடியாது, கடந்துபோகலாம். அது எல்லோருக்கும் பொதுவான திறப்பு. சர்வரின் பயனர் ஒருவருக்கு மட்டும் எக்ஸ் கொடுக்க 'செட்எஃப்ஏசிஎல்' கட்டளை இருக்கிறது. ஒன்பது பிட்டுக்கு மேலே தனிப்பட்ட பெயர்களுக்கு அனுமதி எழுதும் பட்டியல் அது. எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: இணையப் பக்கக் கோப்புகளை ஹோமிலிருந்து எடுத்து, சர்வர் தரவுகளுக்கென்றே இருக்கிற '/எஸ்ஆர்வி' போன்ற இடத்தில் வைப்பது. அவள் அதைத்தான் செய்தாள். பக்கம் திறந்தது. பிறகு போட்ட 777களை எல்லாம் திரும்ப எடுத்தோம்: ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644. மாணவர்கள் படம் பதிவேற்றும் ஃபோல்டர் ஒன்றில் மட்டும் சர்வர் எழுதியாகவேண்டும். அதன் குழுவை சர்வரின் குழுவாக மாற்றி, 775 கொடுத்தோம்.

திரும்ப எடுக்கும்போது ஒரு பொறி உண்டு. மொத்தத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டு 'சிஹெச்மோட் -ஆர் 644' என்றால் ஃபோல்டர்களின் எக்ஸும் போய்விடும். சொந்தக்காரரே உள்ளே நுழையமுடியாது. 755 என்று மொத்தமாகப் போட்டால் படங்களும் உரைக்கோப்புகளும்கூட இயங்கக்கூடியவை ஆகிவிடும். இதற்கென்றே எண்ணுக்குப் பதில் எழுத்து வடிவில் ஒரு வழி இருக்கிறது. எக்ஸை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால், ஃபோல்டர்களுக்கும் ஏற்கெனவே யாருக்காவது எக்ஸ் உள்ள கோப்புகளுக்கும் மட்டும் அது சேரும். எல்லாவற்றுக்கும் 777 போட்டுக் கெடுத்துவிட்ட இடத்தில் இது மட்டும் போதாது. 'ஃபைண்ட்' கட்டளையால் ஃபோல்டர் வேறு, கோப்பு வேறு என்று பிரித்து மாற்றலாம்.

777இன் கேடு என்ன என்று கேட்கலாம். தன் லேப்டாப்தானே, யார் வரப்போகிறார்கள்? அந்த 'மற்றவர்கள்' என்ற தரப்பில் மனிதர்கள் மட்டும் இல்லை. ஒரு லினக்ஸ் கணினியில் வெப் சர்வருக்கு ஒரு பயனர், டேட்டாபேஸுக்கு ஒரு பயனர், பிரின்டர் சேவைக்கு ஒரு பயனர் என்று பல பயனர்கள் பின்னணியில் ஓடுகிறார்கள். அவற்றில் ஏதாவது ஒன்றில் ஓட்டை விழுந்து ஒரு தாக்குதல்காரர் நுழைந்தால், அவருடைய கை எட்டும் தூரத்தை நிர்ணயிப்பது இந்தக் கடைசி மூன்று பிட்தான். 777 போட்ட ஃபோல்டரில் அவர் தன் நிரலைக் கொண்டுவந்து வைக்கலாம். அது வெப் சர்வர் இயக்குகிற ஃபோல்டராக இருந்தால் சர்வரே அதை இயக்கிக்கொடுக்கும்.

இதைவிடக் கொடியது ஒன்று. அவசரத்தில் ரூட்டாக, மூலத்திலிருந்தே எல்லாவற்றுக்கும் 777 போடுவது. எண்ணால் மாற்றும்போது கோப்புகளின் எண்ணுக்கு முன்னால் நிற்கும் சிறப்புப் பிட்டுகளும் அழிந்துவிடும். சூடோ கட்டளை இயங்குவதே அப்படிப்பட்ட ஒரு பிட்டால்தான். அது போனதும் சூடோ நின்றுவிடும். சூடோ நின்றால், திருத்துவதற்கான அதிகாரத்தை வாங்கும் வழி அடைபட்டது. எஸ்எஸ்ஹெச் தன் சாவிக் கோப்பு 600க்குமேல் திறந்திருந்தால், பாதுகாப்பற்ற சாவி என்று எச்சரித்துவிட்டு அதைத் தொடவே மறுக்கும். வெளியிலிருந்து வேறொரு வட்டால் கணினியைத் தொடங்கினாலும், எந்தக் கோப்புக்கு முன்பு என்ன எண் இருந்தது என்ற முழுப் பதிவு கிடைக்காது. முழுதாகத் திரும்ப நிறுவுவதைத் தவிரப் பெரும்பாலும் வழியில்லை.

அந்தச் சிறப்புப் பிட்டைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். யூனிக்ஸின் மிக அழகான யோசனைகளில் ஒன்று அது. கடவுச்சொற்களின் சுருக்கம் '/இடிசி/ஷேடோ' என்ற கோப்பில் இருக்கிறது. அதைச் சாதாரணப் பயனர் படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. ஆனால் தன் கடவுச்சொல்லை அவரே மாற்றிக்கொள்ளலாம். எப்படி? பதிவு அலுவலகத்தில் புத்தகத்தை நாம் தொட முடியாது. கவுன்ட்டரில் இருப்பவரிடம் கொடுத்தால், சரிபார்த்து, நமக்குரிய வரியை மட்டும் எழுதுவார். 'பாஸ்வேர்டு' மாற்றும் நிரல் அந்தக் கவுன்ட்டர் ஊழியரைப் போன்றது. அதன் எண் 4755, உரிமையாளர் ரூட். முன்னால் நிற்கும் 4தான் 'செட்யூஐடி'. யார் இயக்கினாலும் அந்த நிரல் இயக்கியவர் பெயரில் ஓடாமல், தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். டென்னிஸ் ரிச்சி இதற்கு 1973இல் விண்ணப்பித்து, 1979 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். அதிகாரத்தை மனிதரிடம் கொடுக்காமல், ஒரே வேலை தெரிந்த நிரலிடம் கொடுப்பது என்ற அந்த எண்ணம் ஐம்பது ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட நிரலில் ஒரு சிறு பிழை இருந்தால் அது ரூட்டுக்குப் போகும் குறுக்குவழி. அதனால்தான் இந்தப் பிட் உள்ள நிரல்களின் எண்ணிக்கையைப் பதிப்புக்குப் பதிப்பு குறைத்துக்கொண்டே வருகிறார்கள்.

ரூட்டை இந்த ஒன்பது பிட்டும் தடுப்பதில்லை; 000 என்று இருந்தாலும் படிக்கும், எழுதும். ஒரே ஒரு விலக்கு: மூன்று தரப்பில் எவருக்கும் எக்ஸ் இல்லாத கோப்பை ரூட்டாலும் நிரலாக இயக்கமுடியாது.

புதிதாக உருவாகும் கோப்புக்கு எண் எங்கிருந்து வருகிறது? நிரல்கள் பொதுவாகக் கோப்புக்கு 666, ஃபோல்டருக்கு 777 என்று கேட்கும். 'யூமாஸ்க்' என்ற வடிகட்டி அதிலிருந்து சில பிட்டுகளை எடுத்துவிடும். 022 என்றால் குழுவுக்கும் மற்றவர்களுக்கும் எழுதும் உரிமை போய், 644ம் 755ம் மிஞ்சும். இதில் நான் முக்கியமாக நினைப்பது, கோப்பு பிறக்கும்போதே எக்ஸ் இல்லாமல் பிறக்கிறது என்பதைத்தான். வாட்ஸ்அப்பில் வந்ததோ இணையத்தில் இறக்கியதோ, ஒரு கோப்பு தானாக நிரலாக ஓடத் தயாராக இருப்பதில்லை. ஒருவர் யோசித்து அந்தப் பிட்டை வைக்கவேண்டும். விண்டோஸ் இதைப் பெயரின் பின்னொட்டைப் பார்த்து முடிவு செய்கிறது.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே வட்டில் இருந்த அந்த அரசு மடிக்கணினிக்கு இங்கே திரும்பலாம். பாஸிலிருந்து விண்டோஸ் பகுதியைத் திறந்து 'எல்எஸ் -எல்' அடித்தால், வழக்கமான அமைப்பில், கண்ணில் படும் கோப்பெல்லாம் 777 என்று காட்டும். பாடலும் 777, பாடக் குறிப்பும் 777. சிஹெச்மோட் போட்டால் பிழை எதுவும் வராது, ஆனால் மறுபடி பார்த்தால் அதே 777. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அனுமதி வேறு வடிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது. லினக்ஸின் ஒன்பது பிட்டுக்கு நேரான இடம் அதில் இல்லை. இடம் இல்லாததால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் எண்ணைக் கெர்னலுக்குக் காட்டுகிறார்கள். பென் டிரைவிலும் இதே நிலை. ஃபேட் முறையில் வடிவமைத்த பென் டிரைவுக்கு உரிமையாளர் என்ற கருத்தே கிடையாது. செருகும்போது யார் கணினியில் இருக்கிறாரோ எல்லாக் கோப்பும் அவருடையதாகக் காட்டப்படும். வீட்டில் 700 வைத்துப் பத்திரமாகப் பூட்டிய ஸ்கிரிப்டைப் பென் டிரைவில் எடுத்துக் கல்லூரி லேபுக்குக் கொண்டுபோனால், அந்த 700 வழியிலேயே தொலைந்துவிட்டிருக்கும். லேபில் ஸ்கிரிப்ட் இயங்காதபோது மாணவர்கள் நிரலில் பிழை தேடுகிறார்கள். பிழை பென் டிரைவின் வடிவமைப்பில் இருக்கிறது.

காலை நேரத்தில் வேப்பம்பட்டில் சென்ட்ரல் மின்ரயிலுக்கு நிற்பவர்கள் பலரின் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். அங்கே பழைய ஏற்பாட்டை ஒரு திருப்பு திருப்பியிருக்கிறார்கள். ஃபோனுக்கு ஒரே மனிதர்; ஆனால் ஒவ்வொரு செயலியும் தனிப் பயனர். நிறுவும்போதே 10000த்திலிருந்து தொடங்கும் வரிசையில் ஓர் எண் ஒதுக்கப்படும். வங்கிச் செயலியின் உள் ஃபோல்டர் அந்த எண்ணுக்குச் சொந்தம். விளையாட்டுச் செயலி வேறு எண். அது எட்டிப்பார்க்க முயன்றால் கெர்னல் உரிமையாளரா, குழுவா என்று அதே வரிசையில் கேட்டு, இல்லை என்று மறுத்துவிடும். அதற்கு மேலும் காவல் அடுக்குகள் சேர்ந்திருக்கின்றன. அடித்தளம் 1970களின் அந்தப் பிட்டுகள். ஒருவரோடு ஒருவர் கணினியைப் பகிர்ந்த மனிதர்களுக்காக எழுதிய விதி, ஒரே மனிதரின் பையில் ஒன்றையொன்று நம்பமுடியாத நிரல்களைப் பிரித்துவைக்கப் பயன்படுகிறது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ஒன்பது பிட்டும் கோப்பை மறைப்பதில்லை, எழுத்துகளை மாற்றுவதில்லை. கெர்னல் படித்து மதிக்கிறவரைதான் அவற்றுக்கு மதிப்பு. ஒரு லைவ் பென் டிரைவைச் செருகி வேறொரு லினக்ஸைத் தொடங்கினால், அங்கே ரூட் நீங்கள்தான். வட்டிலுள்ள 600 கோப்பும் 700 ஃபோல்டரும் திறந்த புத்தகம். பழைய மடிக்கணினியை ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும், இன்னொருவருக்கு விற்கும்போதும் இதை நினைவில் வைக்கவேண்டும். திருட்டுப் போனாலும் இதே நிலைதான். அந்த அபாயத்துக்கு மருந்து குறியாக்கம். லினக்ஸில் 'லக்ஸ்' என்ற முறை. உபுண்டுவையோ டெபியனையோ நிறுவும்போது வட்டைக் குறியாக்கவேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிறுவி முடித்தபின் சேர்ப்பது கடினம்.

முன்பே நிறுவிவிட்ட கணினி என்றால் செய்யக்கூடியது இதுதான். ஹோம் ஃபோல்டர் முழுவதையும் 'டார்' கட்டளையால் ஒரே கட்டாகக் கட்டி, வெளி வட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வெளி வட்டு ஃபேட் முறையில் இருந்தால் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. பெரிய கட்டாக இருந்தால் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்த வட்டு வேண்டும். பர்மிஷன் தெரியாத வட்டாக இருந்தாலும் கவலையில்லை: உரிமையாளர், குழு, பிட்டுகள் எல்லாம் கட்டுக்கு உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். பிறகு குறியாக்கத்தோடு புதிதாக நிறுவி, அதே பயனர் பெயரில் கணக்குத் திறந்து, ரூட்டாகக் கட்டைப் பிரியுங்கள். 600 வைத்த சாவிக் கோப்பு 600ஆகவே வந்து இறங்குகிறதா என்று 'எல்எஸ் -எல்' போட்டுச் சரிபார்த்துவிட்டு, வெளி வட்டிலிருக்கும் கட்டை அழித்துவிடுங்கள், அது குறியாக்கப்படாதது.